பதினெட்டு டிகிரி

ஏற்காடு
20.10.1996

செல்விக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

உன் பதினோராம் தேதிக் கடிதம் வந்தது. ராஞ்சியில் குளிர் தொடங்கிவிட்டதாகவும், கல்லூரி நூலகத்தின் பழைய பட்டியலைத் திருத்தி முடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காப்பி பழுக்கத் தொடங்கிவிட்டது. நாகலூர்ப் பக்கம் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளிவாகும்.

தவக்காலத்திலிருந்தே அம்மாவின் குரல் கம்மிப்போயிருந்தது உனக்குத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். மூடுபனியால் வந்தது என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் கன்னியர் மடத்து மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவன், நான்கு மாதம் அவளை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "உப்பப் போட்டுப் போட்டு என்னையக் கருவாடாக்கிப் போட்டீங்க" என்று கேலி செய்தாள். எனக்குத் தொண்டையைத் தாண்டி யோசனை போகவில்லை. சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. சென்னைக்கு அனுப்பினார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, கைத்தடியின் பிடி போல மேலே போய் வளைந்து முதுகுப் பக்கமாக இறங்குகிறது. அந்த வளைவில் அம்மாவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது. சைக்கிள் ட்யூப் தேய்ந்த இடத்தில் பிதுங்குமே, அதுபோல. குரலுக்குப் போகும் நரம்பை அது அழுத்துகிறது. ஏழு சென்டிமீட்டர். விட்டுவைத்தால் ஒரு நாள் வெடிக்கும். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அந்த வளைவை வெட்டி எடுத்துவிட்டு நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். சிரமம் என்னவென்றால், தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகின்றன. தைக்கும் நேரம் முழுவதும் மூளைக்கு இரத்தம் போகாது. சாதாரணமாக மூளை நான்கைந்து நிமிடம்தான் தாங்கும். ஆகவே உடம்பையே குளிர வைத்துவிடுகிறார்கள். இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாக ஓட்டி, மெல்ல மெல்லக் குளிர்வித்து, தலையைச் சுற்றிலும் ஐஸ் பைகள் அடுக்கி, பிறகு இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்களாம். குளிர்ந்த மூளைக்குப் பசி குறைவு, நாற்பது நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும் என்றார். தைத்து முடித்ததும் மறுபடி சூடேற்ற வேண்டும். அதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாதாம்.

டாக்டர் இளைஞர், பொறுமையானவர். எதையும் மறைக்கவில்லை. உயிருக்கு ஆபத்து உண்டு. பிழைத்தாலும் சிலருக்குக் கை கால் வராமல் போவதுண்டு, பேச்சு போவதுண்டு, நினைவு போவதுண்டு என்றார். நான் பதினொரு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஏழாவது கேள்வி, எவ்வளவு குளிர்விப்பீர்கள் என்பது. பதினெட்டு டிகிரி என்றார். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் ஏழாம் தேதி ஆபரேஷன். பாடகர் குழுப் பையன்கள் நான்கு பேர் இரத்தம் கொடுக்க வருகிறார்கள். நீ வர வேண்டாம். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது விடுப்பு எடுத்தால் கெட்டுவிடும். அம்மாவும் இதையே எழுதச் சொன்னாள்.

அங்கே மாதா கோயில் இருந்தால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. படிகளில் இறங்கும்போது கைப்பிடியை விடாதே.

உன் அன்பு அப்பா,
தேவசிகாமணி


ஏற்காடு
2.11.1996, கல்லறைத் திருநாள்

கண்ணு செல்வி,

நலம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை அம்மா கேட்டு எழுதுகிறேன். நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். இதைத் தபாலில் போட்டால்தான் பஸ் ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள்.

முந்தாநாள் அவளுக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கம்மிய குரலில் சொன்னாள்: "ஏனுங்க, தலையச் சுத்தி ஐஸு வெச்சாங்கன்னா எது நிக்கும், எது போவும்னு யாரு கண்டா? இருவத்திரண்டு வருசமா நான் வெச்சிருந்தது போயிருச்சுன்னா அப்பறம் செல்விகிட்டச் சொல்ல ஆளே இல்ல. நீங்களாச் சொல்ல மாட்டீங்க. உங்கள எனக்குத் தெரியுமுங்க."

அவள் வைத்திருந்தது என்ன என்பதை எழுதுகிறேன். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நீ பிறந்த மறு வருடம், 1973 ஆகஸ்ட். இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் பெர்னதெத் ஏழு மாதம் கடிதம் எழுதி எழுதி, சென்னையிலிருந்து கொஞ்சம் வரவழைத்தார். அப்போதெல்லாம் மலைக்கு அது சுலபத்தில் கிடைக்காது. இரயிலில் ஐஸ் நிரப்பிய குடுவையில் வரும். சேலத்தில் போய் எடுத்து வர வேண்டியது என் பொறுப்பு. எட்டு டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது, ஏறினால் அது வெறும் தண்ணீர் என்று தாளில் அச்சடித்தே அனுப்பியிருந்தார்கள்.

சேலத்தில் பார்த்தபோது ஐஸ் முக்கால்வாசி இருந்தது. பஸ் அடிவாரம் வந்ததும் நின்றுவிட்டது. மேலே ஏழாவது வளைவில் மண் சரிந்திருந்தது. கண்டக்டர் கோவிந்தராஜ், "கம்பவுண்டரய்யா, இன்னிக்கு மலையம்மா கதவச் சாத்திப் போட்டா, எறங்கி நில்லுங்க" என்றார். ஆறு மணி நேரம் நின்றோம். வெயில் கடுமையாக இருந்தது. குடுவையை என் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். உள்ளே நீர் அலம்பும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

செல்வி, எதிரிலேயே ஒரு சர்பத் கடை இருந்தது. மரத்தூளுக்குள் ஒரு பெரிய ஐஸ் கட்டி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். இரண்டு தடவை எழுந்து கடை வரை போனேன். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் சர்பத்துக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் யாரோ ஒருவரை, ஐஸு என்ன உங்க பாட்டன் ஊட்டுதா என்று திட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை என் முறை வரட்டும் என்று நின்றேன். இரண்டாம் தடவை வாயைத் திறந்தேன், அவர் "என்னுங்க?" என்றதும், "ஒண்ணுமில்லைங்க" என்று திரும்பி வந்துவிட்டேன். கூச்சம். வேறு காரணமே இல்லை. என் வாழ்க்கையில் இதற்கு விளக்கம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் மருந்தகம் வந்து தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். பதினெட்டு டிகிரி.

சிஸ்டர் உள்ளே வந்து, சரியாக இருக்கிறதா தேவசிகாமணி என்று கேட்டார். ஏழு மாதம் காத்திருந்த முகம் அது. சரியாக இருக்கிறது சிஸ்டர் என்றேன். பதிவேட்டில் ஆறு டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

மறுநாள் மருந்தோடு கிளியூர் போனோம். யாரும் பிள்ளையைக் கொண்டு வரவில்லை. மாரியம்மாள் என்று எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க ஊட்டுப் புள்ளைக்கு ஊத்தாத மருந்த எங்க புள்ளைக்கு ஏனுங்க ஊத்தறீங்க?" நியாயமான கேள்வி. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தாள். எல்லார் முன்னாலும் உன் வாயில்தான் முதலில் சொட்டு விட்டேன். நீ சப்புக் கொட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் இருபத்தாறு பிள்ளைகளுக்கு ஊற்றினேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நடந்துகொண்டிருந்தவள் நீ. மூன்றாம் நாள் இடது காலைத் தூக்க முடியவில்லை. வெந்நீரில் பிழிந்த கம்பளித் துணியை அம்மா உன் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் அப்போது சொன்னேன். ஆறிய துணியை எடுத்து மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்து சுற்றினாள். அப்புறம் சொன்னாள்: "புள்ளைக்குக் காலும் போயி அப்பனும் போவ வேண்டாமுங்க. இத நான் வெச்சுக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க." அந்தக் கட்டளையை மட்டும் நான் ஒழுங்காக நிறைவேற்றினேன்.

ஒரு தடவை ஊற்றினால் போதாது, மூன்று தடவை வேண்டும், அப்போதும் சிலருக்குப் பலிக்காது என்று பின்னால் வந்த புத்தகங்கள் சொல்கின்றன. நல்ல மருந்தாக இருந்திருந்தாலும் உனக்கு வந்திருக்கலாம். இதைச் சாக்காக எழுதவில்லை. தெரிந்ததை விடாமல் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அந்த இருபத்தாறு பேரையும் வருடா வருடம் கோயில் திருவிழாவில் தேடிப் பார்ப்பேன். எல்லாரும் நடக்கிறார்கள். மாரியம்மாள் மகன் பஸ்ஸின் பின் ஏணியில் ஓடி ஏறுகிறான். நீ ஒருத்திதான்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை, எனக்கு ஏன்ப்பா சொட்டு மருந்து பலிக்கவில்லை என்று கேட்டாய். ஆண்டவர் சித்தம் என்றேன். அவர்மேலேயே பழியைப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. அதனால் அந்தச் சொல்லை எழுதாமல் விடுகிறேன்.

தேவசிகாமணி


ஏற்காடு
8.12.1996

செல்வி,

கூட இருக்கும் இரண்டாம் தேதிக் கடிதத்தை முதலில் படி. அது உனக்கு இதுவரை வந்து சேரவில்லை. தபால்காரர்மேல் குற்றமில்லை. நான் போடவில்லை.

அன்று காலை அம்மாவை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத் தபால் பெட்டி வரை போனேன். உறையைப் பெட்டியின் வாய்க்குள் பாதி நுழைத்தும்விட்டேன். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். போட்டீங்களா என்றாள். போட்டுவிட்டேன் என்றேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, அடிவாரம் வரை தூங்கினாள். அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஏழாம் தேதி காலை ஆபரேஷன் அறைக் கதவுவரை கூடப் போக விட்டார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி, "செல்வி இந்நேரம் படிச்சிருப்பா இல்லீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். உறை என் சட்டைப் பையில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நாற்பது நிமிடம் என்று சொன்னது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகிவிட்டது. தமனியின் சுவர் நனைந்த காகிதம் போல இருந்ததாம். தைத்த இடம் கிழிந்து மறுபடியும் தைக்க வேண்டி வந்தது என்று டாக்டர் சொன்னார். கழுத்துச் சிரை வழியாகத் தலைக்குக் குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிச் செலுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் வெளியே பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். நடுவில் ஒரு நினைப்பு வந்தது. எல்லாம் நல்லபடியாக இருந்து, இது ஒன்று மட்டும் அவளுக்கு மறந்துபோனால் என்ன என்று. ஜெபமாலையில் ஒரு மணி உருட்டும் நேரம்தான். உடனே உதறிவிட்டேன். ஆனால் வந்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

நான்காம் நாள், மூச்சு விட வாயில் பொருத்தியிருந்த குழாயை எடுத்தார்கள். பெயர் கேட்டார்கள், சரியாகச் சொன்னாள். என்னைப் பார்த்து, ஏன் இப்படி நரைத்துவிட்டீர்கள் என்றாள். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் கேட்டாள்: "பாப்பாவ யாருகிட்ட உட்டுட்டு வந்தீங்க? எட்டு வெச்சுட்டாளா?"

ஜெபங்கள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. அவள் பிறந்த வீடு, கல்யாணம், சிஸ்டர் பெர்னதெத் எல்லாம் இருக்கின்றன. சிஸ்டர் இறந்து ஒன்பது வருடம் ஆனது தெரியவில்லை. நீ நிற்கப் பழகிய வயது வரைதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், சிலருக்குத் திரும்புவதில்லை, ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார் டாக்டர். நீ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோதெல்லாம், நன்றாக இருக்கிறாள், பேசக் களைப்பு என்றேன். பாப்பா தூங்குகிறாள் என்று அவளிடம் சொன்னேன். இருவருக்கும் ஒரே நாளில் இரண்டு பொய்.

இன்னொன்று. உன்னை வர வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. உன்னை வரச் சொல்லி எழுதத்தான் சொன்னாள். டாக்டர் பதினெட்டு டிகிரி என்று சொன்ன நாளிலிருந்தே, நீ நேரில் வந்தால் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்து நானாக மாற்றி எழுதினேன்.

முதல் தேதி வீடு வந்தோம். நான் நினைத்தது நடந்துவிட்டது, செல்வி. அறிந்தவர் யாரும் இல்லை. உறையை அடுப்பில் போட்டால் முடிந்தது. ஒரு வாரம் அதை வேத புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

நேற்று நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, அம்மா பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, நீ காலில் மாட்டி நடந்த முதல் காலிப்பரை வெளியே எடுத்து வைத்திருந்தாள். இரண்டு இரும்புப் பட்டையும், தோல் வாரும், உள்ளங்கை நீளப் பூட்ஸும். உனக்கு மூன்று வயதில் செய்தது. அதை அவள்தான் தூக்கிப் போட விடாமல் வைத்திருந்தாள். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எந்தப் புள்ளையிதுங்க? பாவம், நொம்பச் சின்னதா இருக்குதே."

மருந்தகத்துக்கு வந்த யாரோ விட்டுப்போனது என்றேன். அவள் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து காய்ந்துபோன வாருக்கெல்லாம் தடவினாள். துரு இருந்த இடத்தைத் துணியால் தேய்த்தாள். "கேட்டு வந்தாங்கன்னா குடுத்துருங்க. புள்ள இதில்லாம எப்படி நடக்கும்?" என்று சொல்லி வாசல் பக்கத்து அலமாரியில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாள். இப்போது எழுதும்போதும் எனக்கு எதிரே இருக்கிறது.

இனி முடியாது, கண்ணு. இதை நாளைக் காலை தபால் ஆபீஸ் திறந்ததும், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பப்போகிறேன். பெட்டியில் போடுவதாக இருந்தால் என்னை நம்ப முடியாது.

உன்னை வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் அம்மா சொல்லச் சொன்னதைத் தாமதமாகவாவது சொல்ல வேண்டும். வா. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தாலும் போதும். நீ உள்ளே வரும்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். பிறகு உன் காலைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். அவள் கேட்கும்போது, அடிவாரத்திலிருந்து தொடங்கி, விடாமல் சொல்லிவிடுகிறேன். உன் முன்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் என்ன சொல்கிறீர்களோ அது.

கம்பளி எடுத்து வா, இங்கே பனி கடுமையாக இருக்கிறது. சேலத்தில் இரயில் இறங்கினால் நேராக மலை பஸ் இருக்கும். பஸ் அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். இறங்கி ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தாலும், குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தாலும், யார் என்று பார்க்காதே, எவ்வளவு கூட்டம் என்றும் பார்க்காதே. கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள், சாமி.

அப்பா